சித்தப்பாவின் நண்பரைத் தேடி

மான்மவுத் ஜங்ஷன்,
நியூ ஜெர்சி.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா?

உங்கள் ஹாஸ்டல் நண்பர் போட்ட பழைய ஏர்மெயில் கவரைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தீர்களே, பார்த்தேன். அதிலிருக்கும் எடிசன் ஊர் நம்பர் 201-ல் தொடங்குகிறது. நீங்கள் கூப்பிட்டால் யாரோ வேற்று ஆள் எடுப்பதற்கு அதுதான் காரணம். 1991-ல் இந்த வட்டாரத்துக்கு 201 போய் 908 வந்தது. 1997-ல் அதுவும் போய் 732. கடைசி ஏழு எண்கள் அப்படியேதான் இருந்தன. 732 போட்டுக் கூப்பிட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் வந்தது.

அவர் வந்த காலத்தில் இது இத்தனை கஷ்டமில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்க்கும் ஒரு மாமா சொல்வார்: புது ஊரில் குடிபுகுந்ததும் டெலிபோன் டைரக்டரியை எடுத்துவைத்துக்கொண்டு, சுப்ரமணியன் உண்டா, வெங்கட்ராமன் உண்டா என்று விரலால் தடவிக்கொண்டே போவாராம். அகப்பட்டவரை முன்பின் தெரியாமலே கூப்பிட்டு, "நீங்க தமிழா?" என்று கேட்பாராம். பாதிப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமையே சாப்பிட வரச் சொல்லிவிடுவார்களாம்! இதில் இன்னொரு கூத்து, நம் ஆட்களில் பலர் இங்கே அகப்படுவது அப்பா பெயரில்தான். ஊரில் இனிஷியலாக ஒடுங்கிக் கிடந்தவர், இங்கே குடும்பப் பெயராகி முன்னால் வந்து நிற்பார்.

நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் தலைகீழ் டைரக்டரியும் அச்சில் இருந்தது. கடன் வசூலிப்பவர்களும் நிருபர்களும் புரட்டுவது அது. 1991-ல் கான்சாஸ் டைரக்டரி வழக்கொன்றில், அகரவரிசையில் அடுக்கிய பெயர்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பட்டியலை அள்ளி விற்கலாம் என்றாகிவிட்டது. இன்று நம்பரைத் தட்டினால் வயது, பழைய விலாசங்கள், சொந்தக்காரர் பெயர்கள் வரை விலைக்குக் கிடைக்கின்றன.

நான் வாங்கவில்லை, சித்தப்பா. பக்கத்து ஊர் நார்த் பிரன்ஸ்விக்கில் 2020 ஜூலையில் நடந்தது அப்படி. ஃபெடரல் நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டுக்கு, அவர் முன்னால் வழக்காடிய வக்கீல் ஒருவன் டெலிவரி ஆள் போல வந்தான். கதவருகே 20 வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான். கணவருக்குப் பலத்த காயம். வீட்டு விலாசம் இணையத்தில் சுலபமாகக் கிடைத்ததுதான் வழிவிட்டது என்று அந்தத் தாயே பிறகு பேசினார். அந்த நவம்பரிலேயே டேனியல் பெயரில் நியூ ஜெர்சி சட்டம் போட்டது. நீதிபதிகளும் அரசு வக்கீல்களும் போலீசாரும் கேட்டுக்கொண்டால், விலாசத்தையும் பட்டியலில் இல்லாத நம்பரையும் பத்து வேலை நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அது பொருந்தாது.

அந்தக் காலத்தில் மாதம் ஏதோ கொஞ்சம் கட்டினால் டைரக்டரியில் பெயர் வராமல் செய்துகொள்ளலாம். இப்போது யார் அவரைக் கேட்டார்கள்? நாற்பது வருஷம் கழித்து வாசலில் போய் நின்றால் சந்தோஷப்படுவாரோ, சங்கடப்படுவாரோ, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நீங்கள் ஒரு பக்கம் கைப்பட எழுதி அனுப்புங்கள். உங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூலம் சேர்ப்பிக்கப் பார்க்கிறேன். இஷ்டமிருந்தால் அவரே கூப்பிடட்டும். எந்த வருஷத்து பேட்ச், அவருடைய அப்பா பெயர் என்ன, இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். அப்பா பெயர் முக்கியம்.

உங்கள் அன்பு மகள்