பாட்டியின் கேழ்வரகு அடை

கேமரன் மலையில், 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் என் பாட்டி. விடியுமுன் கேழ்வரகு மாவில் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வறுத்து இடித்த கச்சானைச் சேர்த்து அடை தட்டுவார். "மலை ஏறணும்ல, இதுதான்யா வயித்துல நிக்கும்" என்பார்.

நான் பல்கலைக்கழகம் கிளம்பியபோதும் டப்பாவில் போட்டுத் தந்தார். கறுப்பாக இருக்கிறதே என்று கூசி, விடுதித் தோழர்கள் கண்ணில் படாமல் குப்பையில் போட்டேன்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று பாடத்தில் படித்த அன்று, சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாட்டி இல்லை.

நானே சுட்டுப் பார்த்தேன். கோதுமையின் பசைத்தன்மை இதற்கில்லை, திருப்பியதும் உடைந்தது. அடுத்ததை வாழையிலையில் மெல்லத் தட்டி, சிறுதீயில் மூடி வேகவிட்டேன். முழுதாக வந்தது.

இப்போது விடுதிச் சமையலறையில் எல்லாருக்கும் சேர்த்தே சுடுகிறேன். நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு.