இருபத்தெட்டு வரை எண்ணியவள்

118 கிலோ. உயரம் 168 செ.மீ. பி.எம்.ஐ. 41.8. தினமும் ஊரார் வட்டிக்குக் கணக்குப் போடுகிற நான், இந்தக் கணக்கைப் போட இருபது வருஷம் ஆச்சு :-)

நாக்பூர் வந்து பதினோரு வருஷம். சப்பாத்தியும் பழகிட்டேன், சோத்தையும் விடலை. நடைப்பயிற்சி, கொள்ளு ரசம், பேலியோ எல்லாம் பார்த்தாச்சு. பதினைந்து கிலோ இறங்கும். அப்புறம் வட்டியோட திரும்பி வரும்.

கேலியெல்லாம் பழகிடுச்சு. ஆபரேஷனுக்கு நான் சரின்னு சொன்னது அதுக்காக இல்லை. போன தீபாவளிக்கு ஊருக்கு ரயிலில் போனோம். எதிர் பெர்த்தில் பொண்ணு ராத்திரி பூரா தூங்கலை. பத்தாவது படிக்கிறாள். "அப்பா, உங்க குறட்டை திடீர்னு நின்னுடுது. மறுபடி மூச்சு வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒரு தடவை இருபத்தெட்டு வரைக்கும் போயிடுச்சு" என்றாள்.

திரும்பி வந்ததும் தூக்கப் பரிசோதனை. ஸ்லீப் ஆப்னியா, அதுவும் கடுமையா இருக்காம்.

இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துடுவாங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் குறையும். ஆயுசுக்கும் வைட்டமின் மாத்திரை உண்டு. சாப்பாட்டுக் கட்டுப்பாடும் விடாது. சுலப வழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நேத்து அம்மா போனில் அழுதாங்க. "நல்லா இருக்கிற வயித்தை எதுக்குடா அறுக்கணும்? வாயைக் கட்டினா போதாதா?"

எனக்குப் பதில் வரலை. போனைப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டேன்.