பதினோராம் எண் கூண்டு

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இன்ன எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி ஓடும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டுக் குப்பங்களில், முகத்துவாரம் தாண்டுவதா, படகைக் கரையேற்றுவதா என்று யோசிப்பவருக்கு வெறும் எண் போதாது. அவர்கள் கைப்பேசியில் பார்க்கும் வானிலைப் பக்கத்துக்கு நிரல் எழுதுகிறேன். தரவுத்தளத்தில் இருப்பது ஓர் எண்தான். அதன் பக்கத்தில் வரவேண்டிய வாசகத்துக்குத்தான் என் உழைப்பில் பெரும்பங்கு போகிறது. மனம் விரும்பிச் செய்கிறேன்.

எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்றே யாருக்கும் தோன்றும். நான்கு வரை அப்படித்தான். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் போகிறது, அல்லது அதன் மீதோ அருகிலோ போகிறதா என்பதே வேறுபாடு. கடும் புயலுக்கு 8, 9, 10 அதே வரிசை. ஆகவே 5-ஐவிட 6-க்கு அடர்ந்த சிவப்பு பூசினால் பொய் சொன்னதாகிவிடும்.

5 என்றால் துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கிறது. 2016 வர்தா போல மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு; அதாவது புயல் துறைமுகத்துக்கு வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் கரையேறும். 2023 மிக்ஜாம் போலக் கரையை ஒட்டி வடக்கே ஏறும் புயலுக்கோ இடப்பக்கம் நிலம். ஒரே எண்ணுக்கு ஒரே வாசகத்தைப் பதித்துவைக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். நகரும் திசையையும் சேர்த்தே எழுதுகிறேன்: ‘5 – அபாயம். புயல் துறைமுகத்துக்கு வடக்கே கரை கடக்கலாம்.’ எண்ணையும் விடுவதில்லை. செய்தியில் காதில் விழுவது அதுதானே.

11 எனக்கு மிகவும் பிடித்த எண். அது உச்ச அபாயம் அல்ல. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரலாம் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார்: அவ்வளவுதான் பொருள். தகவல் இல்லாததையும் ஒரு நிலையாகக் கருதி அதற்கென்று கூண்டு ஒதுக்கியவர்களை வணங்கத் தோன்றுகிறது. தகவல் வராதபோது இணையப் பக்கங்களில் பெரும்பாலும் அந்த இடம் காலியாகக் கிடக்கும், அல்லது பழைய வாசகமே நின்றுகொண்டிருக்கும்.

‘கூண்டு இறக்கப்பட்டது’ வேறு, ‘தகவல் வரவில்லை’ வேறு. இரண்டையும் பூஜ்யத்தில் அடைக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத எண் வந்தால் அந்த எண்ணை அப்படியே காட்டி, ‘பொருள் உறுதியாகவில்லை’ என்று எழுத வேண்டும். தகவல் நின்றால் பழைய எண் மங்க வேண்டும். அதற்கு மேலே பெரிய எழுத்தில்: ‘கடைசியாக வந்தது காலை 5.40. அதன்பின் எதுவும் வரவில்லை.’