பன்னிரண்டு விழுந்தால் படி ஏறணும்! - ஓசூர் வீட்டு மாடியில் ஒரு தாயக்கட்டை ஒர்க்அவுட்

ஓசூரில் ஒருவரைச் சந்திக்க வேண்டுமென்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ''இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?'' என்பதுதான். காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என்று வாரா வாரம் மாறும் வேலையில் சாப்பாடும் தூக்கமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதில் ஜிம்முக்கு மட்டும் தினமும் ஒரே நேரத்தில் போவது எப்படி?

சிப்காட் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 27 வயது இளைஞர் ஒருவர், ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார். ஷிஃப்ட் ஒரு காரணம். அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் யோசிக்க வைக்கிறது. ''எட்டு மணி நேரம் குனிஞ்சு நின்னு ஒரே போல்ட்டை முடுக்கிட்டு வர்றேன். அங்கே போனா திங்கள்னா நெஞ்சு, செவ்வாய்னா முதுகுன்னு மறுபடியும் அதே டைம் டேபிள்!''

அவருக்கு வழி கிடைத்தது, கிருஷ்ணகிரி வீட்டிலிருந்து அம்மா கொண்டுவந்த பித்தளைத் தாயக்கட்டையில். எது விழுகிறதோ, அந்தப் பயிற்சி. மொட்டை மாடி, ஒரு ஜோடி டம்பெல், 12 உருட்டல். அவ்வளவுதான்.

கேட்க விளையாட்டாகத் தெரியலாம். ஆனால், உலகம் ஏற்கெனவே பார்த்த விஷயம்தான் இது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெல்ஜியத்துக்காக மல்யுத்தம் செய்த கார்ல் காட்ச், பிற்பாடு ஜப்பானில் வீரர்களைப் பயிற்றுவித்தபோது சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்வார். கறுப்புச் சீட்டு என்றால் பஸ்கி, சிவப்பு என்றால் தண்டால். இரண்டுமே நம் ஊர் மல்யுத்தக் களத்துச் சரக்கு!

2019-ல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துவந்த ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு நிலையான பயிற்சிகள். இன்னொரு பிரிவுக்கு ஒவ்வொரு முறையும் செயலி குலுக்கிப் போட்டுத் தந்த பயிற்சிகள். 8 வாரம் கழித்து, தசை வளர்ச்சியில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்குப் பயிற்சியின் மீதான ஆர்வம் மட்டும் கூடியிருந்தது. பாதியில் நிற்பவர்களுக்கு அந்த ஆர்வம்தானே முக்கியம்?

தாயக்கட்டையில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. இரண்டு கட்டைகளை உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ நான்கு வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இவ்விரண்டு. 6-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றே. முதலில் இது தெரியாமல், குனிந்து டம்பெல்லை இழுக்கும் முதுகுப் பயிற்சியை 6-ல் வைத்திருந்தார். அது எப்போதாவதுதான் வந்தது. நாள் முழுக்கக் குனிபவருக்கு அதுவல்லவா அடிக்கடி வேண்டும்? இப்போது அது 3-ல். பஸ்கி 2-ல், தண்டால் 4-ல். அவருக்குப் பிடிக்கவே பிடிக்காத, மூன்று மாடிப் படி ஏறி இறங்குவது 12-ல். விளையாட்டில் தாயம், 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டுவோமே, அதையும் விடவில்லை. அப்படி விழுந்தால் இடையில் ஓய்வு கிடையாது!

ஒன்றை மட்டும் அவர் அதிர்ஷ்டத்திடம் விடுவதில்லை. எந்தப் பயிற்சி என்பதைக் கட்டை சொல்லும். எத்தனை முறை, எத்தனை கிலோ என்பதை நோட்டு சொல்லும். போன தடவை 10 என்றால் இந்தத் தடவை 11. சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் தசை வலுப்படும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த காலையில் கட்டையைத் தொடுவதே இல்லை. தூக்கம்தான்.

கட்டையை உருட்டித் தருவது அம்மா. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நடக்கச் சொன்னார் டாக்டர். தெருநாய்க்குப் பயந்து நடையை நிறுத்திவிட்டார். ''நீயும் ஒண்ணு பண்ணும்மா'' என்று மகன் நாற்காலியைப் போட, உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்திருக்கிறார். என்ன விழுகிறதோ, அத்தனை முறை. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் டாக்டரும் சரி என்றிருக்கிறார். மூட்டு வலி, இதயப் பிரச்னை உள்ளவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மகன் செகண்ட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் அம்மா சாயங்காலம் தனியாக உருட்டி, எண்ணிக்கையை அதே நோட்டில் எழுதிவைக்கிறார்.

''பன்னிரண்டே காணோமேம்மா?''

''கட்டை சாஞ்சு விழுந்துச்சு கண்ணு. அதான் மறுபடி போட்டேன்!''