சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

இந்தப் பழமொழியை நம்மூர்ல யாரோ சுண்டைக்காயை வச்சு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இங்கிலாந்துல பதினெட்டு வயசுப் பையனுக்கு கார் இன்சூரன்ஸ் எடுத்தவங்களா இருந்திருந்தா சுண்டைக்காய் பக்கமே போயிருக்க மாட்டாங்க. கார் விலை 2,900 பவுண்டு. அதை ஒரு வருஷம் ரோட்டுல ஓட்ட இன்சூரன்ஸ் 3,180 பவுண்டு. அவ்வ்வ்வ்.

பாளையங்கோட்டையில இருக்குற அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ, "மூவாயிரம் பவுனா?"ன்னு ஒரு நிமிஷம் பேச்சே வரலை. அது தங்கம் இல்லம்மா, இந்த ஊர் காசுன்னு விளக்கினேன். ரூபாயில எவ்வளவுன்னு கேட்டாங்க. சொன்னேன். "அதுக்கு தங்கமாவே வாங்கலாமே"ன்னு வச்சிட்டாங்க.

பையன் யாருன்னு சொல்லிடறேன். எங்க பெரியம்மா பொண்ணு, நான் அக்கான்னு கூப்பிடறவங்க, பேசிங்ஸ்டோக்ல இருக்காங்க. நான் ஆணி புடுங்குற ரெடிங்ல இருந்து ரயில்ல அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால சனிக்கிழமை சாப்பாடு அங்கதான். அவங்க மூத்த பையன் ஆறு வயசுல இங்க வந்தவன். படிப்பு முடிச்சு, விவசாய மெஷின் ரிப்பேர் பண்ற ஒரு ஒர்க்‌ஷாப்ல அப்ரண்டிஸா சேர்ந்தான். எங்க குடும்பத்துல இன்ஜினியரிங் படிச்சுட்டு ஸ்பேனரைத் தொடாத என்னை மாதிரி ஆட்கள்தான் அதிகம். நெஜமா டிராக்டரைப் பிரிச்சு மாட்டுற முதல் ஆள் அவன்தான்.

ஒர்க்‌ஷாப் இருக்குறது பதினாலு மைல் தள்ளி ஒரு கிராமத்துல. வேலை காலையில எட்டு மணிக்கு. முதல் பஸ் அங்க போய்ச் சேர்றது ஒன்பதேகால். அக்கா முதியோர் இல்லத்துல நைட் ஷிப்ட். ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்து பையனை ஏத்திக்கிட்டு பதினாலு மைல், திரும்பி பதினாலு மைல், அப்புறம்தான் தூக்கம். அத்தானுக்கு ஆறு மணிக்கே வேலைங்கறதால அவராலயும் முடியாது. ஒரு நாள் ஒன்பதரை ஆகியும் அக்கா வீடு வந்து சேரலை. அத்தான் போன் பண்றார், எடுக்கலை. எனக்கு போன் வருது. பத்து மணிக்கு அக்காவே பேசினாங்க. கண்ணு சொருகுதேன்னு ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தி இருக்காங்க, அப்படியே தூங்கிட்டாங்க. நிறுத்தினாங்களேன்னு சந்தோஷப்படறதா, நாளைக்கும் இதே கதைதானேன்னு பயப்படறதா? பையன் அன்னிக்கு ராத்திரியே, "மாமா, நான் இந்த வேலையை விட்டுடறேன்"னுட்டான்.

அதனால இது காலேஜ் பையன் ஊர் சுத்தக் கார் கேட்ட கதை இல்லை.

பையன் டெஸ்ட் எல்லாம் ஒழுங்கா பாஸ் பண்ணினவன். இங்க 17 வயசுலயே கார் ஓட்டலாம். தியரியில 50 கேள்விக்கு 43 சரியா இருக்கணும். அதோட வீடியோ காட்டி ஆபத்தை எப்போ கவனிக்கிறேன்னு பாக்குற பரீட்சை ஒண்ணு. அப்புறம் ரோட்டுல ஓட்டிக் காட்டணும். பைக்ல எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கின நமக்கெல்லாம் இது ஐ.ஏ.எஸ். மாதிரி :-)

ஆனா இவ்வளவும் பாஸ் பண்ணினா இன்சூரன்ஸ் குறையும்னு நினைச்சா அதுதான் இல்லை. இது புரிய நம்மூரோட ஒப்பிட்டுப் பாக்கணும். இந்தியாவுல தேர்டு பார்ட்டி கட்டணம் இன்ஜின் அளவை வச்சு அரசாங்கம் அறிவிக்கிறது. 2022 ஜூன்ல அறிவிச்ச கட்டணப்படி 1000 சி.சி.க்குள்ள இருக்குற சொந்தக் காருக்கு வருஷம் 2,094 ரூபாய். ஓட்டுறது பதினெட்டு வயசுப் பையனா, அறுபது வயசுத் தாத்தாவான்னு கேள்வி கிடையாது. இன்சூரன்ஸ் காருக்கு. லைசென்ஸ் இருக்குற யாரும் ஓட்டலாம். இங்க விலை ஆளுக்கு. பாலிசியில பேர் இருக்குறவங்கதான் ஓட்டணும். வயசு, வேலை, வீட்டு பின்கோடு, ராத்திரி வண்டி நிக்கிற இடம், வருஷத்துக்கு எத்தனை மைல், எல்லாத்துக்கும் ஒரு விலை. ஆணா பெண்ணான்னு மட்டும் விலையில பாக்கக் கூடாது. ஐரோப்பிய நீதிமன்றம் 2011ல சொன்ன தீர்ப்பு, 2012 டிசம்பர் 21ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னாடி பையன்களுக்குத் தனி அடி விழும்.

ஏன் இவ்வளவு? கார் திருடு போனா கம்பெனிக்கு நஷ்டம் மூவாயிரம் பவுண்டுதான். அவங்க பயப்படறது அதுக்கு இல்லை. பையன் யார் மேலயாவது இடிச்சு, அந்த ஆள் ஆயுசுக்கும் படுக்கையில கிடந்தா, பார்த்துக்குற செலவு பல லட்சம் பவுண்டு, சில சமயம் கோடிக்கணக்குல போகும். இந்த நாட்டுல ஆளுக்கு அடிபட்டா குடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. புதுசா ஓட்டுற சின்னப் பசங்க அப்படிப்பட்ட விபத்துல சிக்குறது அதிகம். ஆக, பிரீமியம் அந்த ஓட்டை ஹேட்ச்பேக்குக்கு இல்லை, எதிர்ல வர்ற முகம் தெரியாத ஆளுக்கு. இது புரிஞ்சப்புறம் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைஞ்சது. பிரீமியம் குறையலை.

இப்போதான் கதையில வில்லன் வர்றார். அத்தானோட வேலை பார்க்குற ஒரு புண்ணியவான், "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? உங்க பேர்ல எடுத்துட்டு பையனை ரெண்டாவது டிரைவரா சேர்த்துடுங்க. எல்லாரும் இதைத்தான் பண்றாங்க"ன்னு சொல்லியிருக்கார். அத்தான் போட்டுப் பார்த்தார். 790 பவுண்டு! வெறும் பெயரை மாத்தினதுக்கு.

இதுக்கு இங்க 'ஃப்ரண்டிங்'னு பேரு. நம்ம பாஷையில பினாமி. தினமும் ஓட்டப்போறது பையன், கணக்குல ஓட்டுறது அப்பா. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில இதுதான் பேச்சு.

"மாப்ளே, அந்தக் காரும் நம்ம காசுல வாங்குறதுதானே? நான் ஓட்டுறேன்னு சொன்னா யார் வந்து பாக்கப் போறா?"

"அத்தான், ஒண்ணும் ஆகாத வரைக்கும் யாரும் பாக்க மாட்டாங்க. ஏதாவது ஆச்சுன்னாதான் பாப்பாங்க. உங்களுக்கு இன்சூரன்ஸ் தேவைப்படறதும் அன்னிக்கு மட்டும்தான்."

2012ல வந்த ஒரு சட்டப்படி, வேணும்னே பொய் சொல்லி எடுத்த பாலிசியை கம்பெனி செல்லாதுன்னு சொல்லலாம், கட்டின பிரீமியத்தையும் வச்சுக்கலாம். இடிபட்டவருக்கு சேர வேண்டியதை அவங்க குடுப்பாங்க, ஆனா அதை நம்மகிட்ட வசூல் பண்ண வரலாம். அதோட இன்னொண்ணு. புதுசா லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு இங்க தனிச் சட்டம் இருக்கு, 1995ல போட்டது. பாஸ் பண்ணி ரெண்டு வருஷத்துக்குள்ள 6 புள்ளி விழுந்தா லைசென்ஸ் போச்சு, திரும்பவும் தியரியில இருந்து ஆரம்பிக்கணும். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினதா முடிவானா குறைஞ்சதே 6 புள்ளி. பொய் சொல்றது அப்பா, லைசென்ஸ் போறது பையனுக்கு.

அத்தான் நியாயமான மனுஷர்தான். அவர் பயமெல்லாம் காசு. "அப்போ இந்த ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு நான் எங்க போறது?"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம சட்டம் பேசுறது சுலபம். அக்கா சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க, "பொய் சொல்லித்தான் போகணும்னா நானே கொண்டு போய் விடறேன்." அந்த லே-பை தூக்கம் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அதுக்கப்புறம் யாரும் 790 பத்திப் பேசலை.

சரி, நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை எக்ஸெல். ஒரு நேரத்துல ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, மத்ததை அப்படியே வச்சு, ஒப்பிட்டுக் காட்டுற தளங்கள்ல கொட்டேஷன் எடுத்தோம். ஒரே நிபந்தனை, உண்மையில மாத்தக்கூடியதை மட்டும்தான் ஃபார்ம்ல மாத்தணும். வந்ததைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

கார்: அத்தானோட நண்பர் விக்கிறதா சொன்னது 1.4 லிட்டர். அதை விட்டுட்டு 1.0 லிட்டர் ஃபோக்ஸ்வேகன் அப். இந்த ஊர்ல கார்களுக்கு இன்சூரன்ஸ் குரூப் 1ல இருந்து 50 வரைக்கும் போட்டிருப்பாங்க. இது அடிமட்ட குரூப். கார் 3,500 ஆச்சு, 600 கூட. ஆனா இன்சூரன்ஸ் 3,180ல இருந்து 2,410க்கு இறங்குச்சு. அதனால காரை முடிவு பண்ணிட்டு இன்சூரன்ஸ் பாக்காதீங்க, இன்சூரன்ஸ் பாத்துட்டு காரை முடிவு பண்ணுங்க.

கூட ஒரு டிரைவர்: அக்காவை ரெண்டாவது டிரைவரா சேர்த்தோம். அவங்க கார் சர்வீஸ் போற நாள்ல இதை நிஜமாவே ஓட்டுவாங்க, அதனால பொய் இல்லை. 2,120. அத்தானையும் சேர்த்தா இன்னும் குறையும்னு பார்த்தா 30 பவுண்டு ஏறுச்சு! அத்தான் முகத்தைப் பாக்கணுமே. அழிச்சிட்டோம்.

தேர்டு பார்ட்டி மட்டும்: இதுதான் மலிவுன்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நினைப்பு. முழுக் காப்பீட்டை விட 270 அதிகமா வந்தது. அந்த வகையைத் தேடி எடுக்குறவங்க கூட்டமே ரிஸ்க்குன்னு கம்பெனி கணக்கு.

எக்ஸஸ்: விபத்து ஆனா முதல்ல நாம போடுற பணம். 250ஐ 500 ஆக்கினா 70 பவுண்டு மிச்சம். ஆனா கட்டாய எக்ஸஸ் வேற 400 இருக்கு. ஒரு சின்ன இடிக்கு அப்ரண்டிஸ் பையன் 900 எடுத்து வைக்க முடியுமா? 250லயே விட்டுட்டோம்.

மைல்: 28 மைல், வாரம் அஞ்சு நாள், லீவு கழிச்சு 46 வாரம், 6,440. கடை கண்ணி சேர்த்து 8,000ன்னு போட்டோம். "5,000ன்னு போடேன்"னார் அத்தான். பாத்தேன். "சரி சரி, எட்டாயிரம்"னார் :-)

கருப்புப் பெட்டி: டெலிமேட்டிக்ஸ். கார்ல ஒரு சின்னப் பெட்டி மாட்டி வேகம், பிரேக், வளைவு, எந்த நேரத்துல ஓட்டறோம் எல்லாத்தையும் கணக்கு எடுப்பாங்க. இதுலதான் பெரிய வெட்டு, 1,540.

தேதி: நாளைக்கே வேணும்னா ஒரு விலை, மூணு வாரம் தள்ளி ஆரம்பிக்கச் சொன்னா ஒரு விலை. 1,465.

மாசத் தவணை: கேக்க நல்லா இருக்கும். கூட்டிப் பார்த்தா 1,640. அது கடன், வட்டி உண்டு. அக்கா அங்க இருக்குற நம்மாளுங்க நாலு குடும்பத்தோட சீட்டு போட்டிருந்தாங்க. அதை எடுத்து மொத்தமா கட்டினாங்க. பையன் மாசம் 122 பவுண்டு அக்காவுக்குத் திருப்பித் தரணும்னு ஒப்பந்தம். வட்டி கிடையாது, ஏச்சு மட்டும்.

சீட்டு பத்தி யோசிச்சா இன்சூரன்ஸும் ஒரு சீட்டுதான். எல்லாரும் போடுறோம், அடிபட்டவன் எடுக்கிறான். நமக்கு விழாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே போடுற ஒரே சீட்டு. பினாமி வேலை பாக்குறவன் அதுல கம்மியாப் போட்டுட்டு முழுசா எடுக்கப் பாக்குறான். மிச்சத்தை மத்த பதினெட்டு வயசுப் பசங்கதான் கட்டுறாங்க.

பெட்டி வந்த பிறகு வீட்டு நிலவரம் தனிக் காமெடி. செல்போன்ல தினம் மார்க் வரும். ரேங்க் கார்டை எட்டாங் கிளாஸோட மறந்திருந்த அத்தான், இப்போ காபி குடிச்சுக்கிட்டே "என்னலே இன்னிக்கு 84?"ங்கறார். கிராமத்து ரோட்டுல காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை குறுக்க ஓடியிருக்கு, பிரேக் அடிச்சிருக்கான். பெட்டிக்கு கோழி தெரியாது, பிரேக் மட்டும்தான் தெரியும். பையனுக்குக் கோபம்: "மாமா, அடிச்சுட்டுப் போயிருந்தா 95 வந்திருக்கும்." நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை. அளக்க முடிஞ்சதை மட்டும் அளக்குற மென்பொருளை நானும்தான் தினம் எழுதிக்கிட்டிருக்கேன்.

பதினெட்டு வயசுல எங்க போறோம், எப்போ வர்றோம்னு ஒரு கம்பெனிக்குத் தெரியறது எனக்குப் பிடிக்கலை. ஆனா ஒண்ணு சொல்லணும். ராத்திரி நண்பர்கள் நாலு பேர் ஏறிக்கிட்டு வேகமா போடான்னு சொன்னா, "பெட்டி இருக்குடா"ன்னு சொல்ல அவனுக்கு ஒரு சாக்கு கிடைச்சிருக்கு. அப்பா திட்டுவார்னு அந்த வயசுல யாரும் சொல்ல மாட்டான். பெட்டியைச் சொல்றதுல வெக்கமில்லை. ரொம்ப வேகமா ஓட்டினா கம்பெனி பாலிசியையே ரத்து பண்ணலாம். அப்படி ஒரு தடவை ரத்தானா அடுத்த கம்பெனி கேக்கும்போது அதைச் சொல்லியாகணும், விலை எங்கயோ போயிடும்.

அடுத்த வருஷம் புதுப்பிக்கிறப்போ இன்னொரு சுத்து எக்ஸெல் உண்டு. 2022 ஜனவரில இருந்து பழைய வாடிக்கையாளருக்கு புது வாடிக்கையாளரை விட அதிக விலை சொல்லக் கூடாதுன்னு இங்க விதி வந்திருக்கு. ஆனாலும் வேற கம்பெனி கம்மியா சொல்லலாம் இல்லையா, தேடணும். ஒரு வருஷம் இடிக்காம ஓட்டினதுக்கு நோ கிளெய்ம்ஸ் சேரும்.

முதல் மாசச் சம்பளத்துல 122 பவுண்டை பையன் அக்கா கையில நோட்டாவே குடுத்தான். பேங்க்ல போட்டா போதாதான்னு கேட்டேன். "அம்மாகிட்ட குடுக்கணும் மாமா"ன்னான். அக்கா எண்ணிப் பாக்காம டப்பாவுக்குள்ள வச்சாங்க. இப்போல்லாம் காலையில எட்டு மணிக்கு அவங்க வீட்டுக்கு போன் பண்ணினா யாரும் எடுக்குறது இல்லை. தூங்கிக்கிட்டு இருக்காங்க. வீட்டுல.

டிஸ்கி: மேல சொன்ன விலையெல்லாம் ஒரு பையன், ஒரு பின்கோடு, ஒரு கார். உங்க வீட்டுப் பையனுக்கு வேற வரும். முறை மட்டும் அதேதான்: ஒண்ணொண்ணா மாத்துங்க, உண்மையை மட்டும் மாத்துங்க.