உரை மருந்து ஊட்டும் தவளை

சரபிகி, கோஸ்ட்டா ரிக்கா

அன்புள்ள தோழிக்கு,

மூன்று நாளாக லா செல்வாவில் இருக்கிறேன். பெயரைக் கேட்டால் நம் தெருவில் யாரோ ஒரு செல்வா அண்ணன் வீடு போல இருக்கிறது இல்லையா? ஸ்பானிஷ் மொழியில் ‘செல்வா’ என்றால் காடு. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. வந்த அன்று துவைத்த சட்டை இன்னும் காயவில்லை.

பேத்தியைக் குளிப்பாட்டி, உரைகல்லில் வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து நாக்கில் தடவுவதாகப் போனில் சொன்னாயே, இன்று காலை அது நினைவுக்கு வந்தது. நினைவூட்டியது ஒரு தவளை.

இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். உடம்பு குங்குமச் சிவப்பு, கால் மட்டும் நீலம். அதனால் ‘புளூ ஜீன்ஸ்’ என்று செல்லப்பெயர். புத்தகத்தில் ஸ்ட்ராபெரி நச்சுத் தவளை. பட்டப்பகலில் நடைபாதை ஓரமாகவே துள்ளுகிறது. தோலில் விஷம் இருக்கும்போது யாருக்குப் பயப்பட வேண்டும்?

பெண் தவளை சருகின் மேல் நான்கைந்து முட்டைதான் இடும். அவை காய்ந்துவிடாமல் ஆண் தவளை தன் சிறுநீரால் நனைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு பொரிந்ததும் பொறுப்பு தாய்க்கு. தலைப்பிரட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மரமேறுகிறாள். கிளைகளில் தொற்றி வளரும், அன்னாசிக்கு உறவான செடிகளின் இலைக்கக்கத்தில் மழைநீர் தேங்கியிருக்கும். ஒரு குட்டைக்கு ஒரு பிள்ளை. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இன்று அப்படி ஒரு குட்டையின் எதிரே அரைமணி நேரம் நின்றேன். தாய் வந்தாள். உள்ளே கிடந்த பிள்ளை உடம்பை விறைத்துக்கொண்டு கிடுகிடுவென்று நடுங்கியது. அதுதான் அதன் பசி அழுகை. அவள் திரும்பி, பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினாள். இறங்கி இடுவது கருவுறாத முட்டை. பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு. சில நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒன்றரை மாதம், ஒவ்வொரு குட்டையாக ஏறி இறங்குவாள்.

இனிமேல்தான் விஷயம். இந்தத் தவளைக்கு விஷம் பிறவியிலேயே வருவதில்லை. எறும்பையும், மண்ணில் ஊரும் கண்ணுக்கு எட்டாத உண்ணிகளையும் தின்றுதான் சேர்க்கிறது. கண்ணாடித் தொட்டியில் பழ ஈ போட்டு வளர்த்தால் விஷமே இருக்காது. அப்படியானால் எறும்பையே பார்க்காத தலைப்பிரட்டைக்கு? அதற்கும் இருக்கிறது. 2014-இல் வெளியான ஆய்வில், விஷமில்லாத வேறு தவளையின் முட்டையைக் கொடுத்து வளர்த்த பிள்ளைகளிடம் அது இல்லை. தாய் ஊட்டிய பிள்ளைகளிடம் இருந்தது. தான் தின்று சேர்த்ததை முட்டையில் வைத்து ஊட்டிவிடுகிறாள்.

கசப்பு தாங்காமல் உன் பேத்தி முகம் சுளிப்பாளே, அவளிடம் சொல்: கடல் தாண்டியும் இதே கதைதான். நான் வருவதற்குள் அவள் குப்புற விழுந்துவிட்டால், கொழுக்கட்டையில் எனக்கும் இரண்டு எடுத்து வை.

அன்புடன்,
உன் தோழி