கௌரா தேவியின் தாய்வீடு

சிப்கோ என்றால் எங்களுக்கு ஒரு படம்தான் ஞாபகம் வரும். மரத்தைச் சுற்றிக் கைகோர்த்துக்கொண்டு நிற்கிற பெண்கள். ஏ.எல். புவியியலில் ஒரு பந்தி, கம்பஸில் ஒரு சிலைட், அதோட முடிஞ்சுது. போன செமஸ்டர் குழு ஒப்படைக்காகத் தேடிப் போனபோதுதான் அந்தப் படத்துக்குப் பின்னால ஒரு ஊரும் ஒரு தலைவியும் இருந்தது தெரிஞ்சுது.

ஊர் ரேணி. இந்திய இமயமலையில் சமோலி மாவட்டம், ரிஷிகங்கை ஆற்றங்கரை. தலைவி கௌரா தேவி. 1925இல் பக்கத்து லாதா கிராமத்தில் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், 22 வயதில் ஒரு சின்ன மகனோட விதவையானவர். அவருடைய போட்டியா சமூகம் கம்பளி நெய்து, திபெத்தோட வியாபாரம் செய்து வாழ்ந்தது. 1962 போரோட எல்லை மூடுப்பட வியாபாரமும் போச்சு. மிஞ்சினது கொஞ்சக் காணி, ஆடுமாடு, காடு. இதைச் சொல்லாமல் சிப்கோவைப் படிப்பிக்கிறது எங்களுக்குச் சரியாப் படேல்லை.

1974 தொடக்கத்தில் ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் போயின. மார்ச் 26 அன்று ஊர் ஆம்பிளைகள் சமோலிக்குப் போயிருந்தார்கள். போருக்குப் பிறகு இராணுவம் எடுத்த காணிகளுக்கு நட்டஈடு தரப்போவதாக அரசாங்கம் கூப்பிட்டிருந்தது. பல வருசமா வராத காசு, சரியா அந்த நாளில்! மரம் வெட்டுற ஆட்கள் காட்டுப்பக்கம் போறதைக் கண்ட ஒரு சின்னப் பெட்டை ஓடிவந்து சொல்ல, கௌரா தேவி 27 பெண்களோட வெளிக்கிட்டார். அவர் அப்ப ஊர் மாதர் சங்கத் தலைவி. குடிபோதையில் துவக்கு நீட்டின ஒருத்தனுக்கு முன்னால போய் நிண்டார் என்று சொல்லுவார்கள். இரவிரவாகக் காவல் இருந்து, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தக் காடு எங்கட தாய்வீடு என்பதுதான் அவர் அங்க சொன்ன நியாயம். ஏதோ கவிதையாச் சொன்னது என்றுதான் எங்கட குழுவில் பாதிப்பேர் நினைச்சம். தோட்டத்தில் இருந்து வந்த பிள்ளை ஒருத்தி ஒத்துக்கொள்ளேல்லை. அவளின் அம்மா கொழுந்து எடுத்து முடிச்சு, தலையில விறகுக் கட்டோட வீடு திரும்புறவ. "இல்லாத நேரத்துல போயி எடுத்துக்கிட்டு வர்ற இடம், அதான் தாய்வீடு" என்றாள். விறகு, புல்லு, மூலிகை, பஞ்சகாலத்தில் கிழங்கு. அதுக்குப் பிறகு எங்கட ஒப்படையின் தலைப்பே மாறிப்போச்சு.

ரேணி வென்றது. அரசாங்கம் போட்ட நிபுணர் குழு ஆராய்ஞ்சு, அந்தப் பகுதியில் 1,200 சதுர கிலோமீற்றர் அளவில் மரம் வெட்ட 10 வருசத் தடை வந்தது. பாடப்புத்தகம் இந்த இடத்தில் புள்ளி வைக்கும். ஆனால் 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா வந்தது. மலையேறிகளுக்கு வழிகாட்டியும் சுமை தூக்கியும் உழைச்ச ரேணி, லாதா ஆட்களின்ர வருமானம் நிண்டுது. மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் போற பாதை மூடுப்பட்டுது. மரத்தைக் காப்பாத்தின சனத்திட்டை இருந்தே மரத்தைக் காப்பாத்தப் போறமாம்! கௌரா தேவி இதையும் பார்த்துக்கொண்டுதான் 1991 வரை அங்க வாழ்ந்தார். 1998இல் லாதா சனம் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு பூங்காவின் தடைசெய்த பகுதிக்குள்ள இறங்கிப் போராடினது. அதுக்கு எங்கட சிலைட்டில் இடமில்லை. இரண்டும் ஒரே கோரிக்கை என்றுதான் எங்களுக்குப் படுது.

பிறகு ரேணிக்குக் கீழ, அதே ரிஷிகங்கையில் நீர்மின் திட்டம் வந்தது. வெடி வைக்கிறதால வீடுகள் ஆடுது என்று ஊரவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2021 பெப்ரவரி 7 அன்று மேலே மலையில் இருந்து பாறையும் பனியும் ஒண்டாச் சரிஞ்சு விழ, ஆறு பெருகி அந்த மின்நிலையத்தையே அடிச்சுக்கொண்டு போனது. பள்ளத்தாக்கு முழுக்க 200 பேருக்கு மேல செத்தும் காணாமலும் போனார்கள். ஊரும் வெடிக்கத் தொடங்கினது. சனத்தை வேற இடத்தில் குடியேற்றச் சொல்லி நிலவியல் நிபுணர்கள் அறிக்கை குடுத்தார்கள்.

அந்த வருசம் ஜூனில் திரும்பவும் வெள்ளம். றோட்டு இடிஞ்சு விழ, ரேணியில் இருந்த கௌரா தேவியின் சிலையைக் கழற்றி ஜோஷிமட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊர்ப் பெண்கள் அழுதார்கள். சிலைக்கு உடனே இடம் கிடைச்சுது. அவர்கள் அந்த வெடிச்ச வீடுகளுக்குத்தான் திரும்பிப் போனார்கள்.